மூன்றாம் மாடிக்குப் போன நற்கருணை

செப்டம்பர் 1, ஞாயிறு

ஒருவழியாக எனக்கும் கிடைத்துவிட்டது. பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எங்கள் நால்வரையும் பீடத்துக்கு முன்னால் நிறுத்தி ஆசீர்வதித்தார். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு ஞாயிறுதோறும் வீட்டுக்கே நற்கருணை கொண்டுபோய்க் கொடுப்பது இனி எங்கள் வேலை. ஆளுக்கு ஒரு சின்ன வட்டப் பெட்டி, தங்க முலாம் பூசியது, கழுத்தில் மாட்டக் கயிறு. ஆண்டவரே எழுந்தருளியிருக்கும் அப்பத்தை அதில் வைத்து, நெஞ்சோடு அணைத்து, வழியில் யாரோடும் பேசாமல் நேராகப் போக வேண்டும்.

மற்ற மூவரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சரி, சொல்கிறேன். தையற்காரி பெட்டியைச் சாவிக்கொத்தோடு கைப்பையில் போட்டாள். இன்று காலிப் பெட்டி, பரவாயில்லை. அடுத்த வாரம் ஆண்டவர் கலகலவென்று போய்ச் சேருவார். பல் டாக்டர் போனில் பேசிக்கொண்டே படி இறங்கினார். குழுத் தலைவர் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் லேமினேஷன் செய்கிறவர்; இந்த டயரியில் அவர் பெயரே லேமினேஷன்தான். விதிகளை அச்சடித்து உறை போட்டு ஆளுக்கொன்று நீட்டினார். எனக்கெதற்கு? முப்பத்தாறு வருடம் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்தவள் நான். கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போனால்கூடப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் விதிகளைச் சொன்னேன். "வழியில யார்கூடயும் பேசக்கூடாதா? நீயா? அது நடந்தா அதுவே ஒரு புதுமைதான்" என்றார். இவரோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியதற்கு எனக்குத்தான் பட்டம் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

எனக்கு ஒதுக்கிய நோயாளி மூன்றாம் மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. 'ஓடவில்லை' என்று ஒட்டிய காகிதமே வெளுத்துப்போயிருக்கிறது. முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு வைத்தது. நான் வாயே திறக்காமல் ஏறினேன்.

அவள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவளாக இருப்பாள். வலது பக்கம் முழுக்க வாதம் அடித்து எட்டு மாதமாகப் படுக்கை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கூட இருப்பது தம்பி ஒருவர்தான், கல்யாணம் ஆகாதவர், அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். ஞாயிறும் வேலையாம். என்னை உள்ளே விட்டுவிட்டு, "ரெண்டு மணிக்கு வந்துடுவேங்க்கா" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஓடினார்.

"வாங்க வாங்க, உள்ள வாங்க, படியில நிக்காதீங்க" என்றாள் கண்டக்டர். அடுத்து, "இந்தத் தலகாணிய மட்டும் கொஞ்சம் ஏத்தி வைங்களேன். கழுத்து விட்டுப்போகுது."

"முதல்ல ஜெபம்" என்றேன்.

புத்தகத்தில் வரிசை இருக்கிறது. சமாதான வாழ்த்து, மனத்துயர் ஜெபம், வாசகம், பரலோக மந்திரம், நற்கருணை, ஆசீர். தலையணை அந்த வரிசையில் இல்லை. எல்லாவற்றையும் பதினோரு நிமிடத்தில் முடித்தேன். அப்புறம் தலையணையை ஏற்றி வைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஒன்பது நிமிடம். கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுது பாய்ன்ட் டு பாய்ன்ட்டா? நடுவுல எங்கயும் நிக்காதோ?" என்றாள். கிண்டல். நோயாளிக்கு இவ்வளவு வாய் ஆகாது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று நான் சோதிக்கப்பட்டேன். தேறினேன். பெருமைக்காக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு நற்கருணை கொடுத்தேன். ஒரு வாய் தண்ணீரும் கொடுத்தேன். ஆசீர் ஜெபத்தில் பாதி வந்திருப்பேன், கண்டக்டர் முகம் கோணியது. அடுத்த நொடி வாந்தி. நைட்டி, போர்வை, தரை எல்லாம். தரையில் விழுந்ததில் ஆண்டவர் அப்படியே முழுசாகக் கிடக்கிறார்.

வேறு யாராவது இருந்தால் கையும் ஓடியிருக்காது, காலும் ஓடியிருக்காது. தையற்காரி மயக்கம் போட்டிருப்பாள். நான் மண்டியிட்டேன். அருவருப்பு? ஒரு துளி இல்லை. என் வெள்ளைக் கைக்குட்டையால் அவரை எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டேன். துகள் எதுவும் தங்கியிருக்கக் கூடாதே, அவர் கிடந்த அந்த ஒற்றைத் தரை ஓடு, அதை மூன்று தடவை கழுவித் துடைத்தேன். கழுவிய தண்ணீரையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டேன். அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, மிதிபடாத மண்ணில் ஊற்ற வேண்டும். அந்தக் கட்டடத்தைச் சுற்றி மண்ணே கிடையாது, எல்லாம் சிமெண்ட். டம்ளரும் பாத்திரமுமாகச் சிந்தாமல் மூன்று மாடி இறங்கி, கோயில்வரை நடந்து, பின்பக்கச் செடி வேரில் ஊற்றினேன். வழியில் வழக்கமான தெருநாய்கூட ஒதுங்கி நின்றது.

கிளம்பும்போது கண்டக்டர் ஏதோ கேட்டாள். "இதோ வந்துடறேன்" என்றேன்.

சாமியாரிடம் சொன்னேன். அவர் கண்ணே கலங்கிவிட்டது. "எல்லாருக்கும் இந்த பக்தி வராதும்மா" என்றார். பக்கத்தில் லேமினேஷன் நின்றிருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். அவர் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமே!

செப்டம்பர் 23, திங்கள்

காலையில் கண்டக்டரின் தம்பி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கத்தியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"நேத்து ரெண்டு மணிக்கு வந்தேன்மா. தரையில ஒரே ஒரு ஓடு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. அக்கா அப்படியே கெடந்தாங்க. நைட்டியெல்லாம் காஞ்சு ஒட்டிப்போச்சு. போனு எட்டாத தூரத்துல. நீங்க வரேன்னு சொன்னீங்களாம். வருவாங்க வருவாங்கன்னு கதவையே பாத்துட்டு இருந்திருக்காங்க."

மறந்துட்டேன். நிஜமாவே மறந்துட்டேன். கோயில்ல எல்லாரும் சுத்தி நின்னு ஆஹா ஓஹோன்னாங்க, காப்பி குடுத்தாங்க, நான் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டேன். மத்தியானம் நல்லாத் தூங்கினேன் வேற. மூணரை மணி நேரம். ஒரு மனுஷி. வாந்தியில. நான் என்ன ஜென்மம்?

செப்டம்பர் 24, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். 'தேறினேன்' என்று எழுதிய கையைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

செப்டம்பர் 26, வியாழன்

பாவசங்கீர்த்தனம். வலைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் செய்த பாவத்தையெல்லாம் சொன்னேன்.

"நானும் அன்னிக்குக் கேக்கலம்மா" என்றார். "டம்ளர எங்க ஊத்துனீங்கன்னு கேட்டேன். அந்தம்மா எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல."

பிறகு அபராதமாக மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லச் சொன்னார். பூசைக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும் மூன்றுதான், மனுஷியை மூன்றரை மணி நேரம் கிடப்பில் போட்டாலும் மூன்றுதான். எல்லா ஊருக்கும் ஒரே ஸ்டாம்ப்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பெட்டியோடு மூன்றாம் மாடி ஏறினேன். படியிலேயே சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் மடமடவென்று ஒப்பித்தேன்: துகள் கீழே கிடக்கக் கூடாது, உடனே கரைக்க வேண்டும், மண்ணில்தான் ஊற்ற வேண்டும், அதனால்தான் அவசரமாகப் போக வேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டே இருந்தாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இப்படி எத்தனை முகத்தைப் பார்த்திருப்பேன். விதி பேசும்போது ஆள் அடங்கிவிடும்.

"முடிச்சிட்டியா?" என்றாள். 'ங்க' போய்விட்டது. "அவர நீ எவ்ளோ பத்திரமாத் தூக்கிட்டுப் போன! பாத்துட்டேதான் இருந்தேன். ஒரு சொட்டு சிந்தல. நல்லாப் பாத்துக்கிட்ட. அவரே உங்கூட இருக்கட்டும். எனக்கு வேணாம்."

"இன்னிக்கு மட்டுந்தானே?"

"இனிமே எப்பவும்."

தம்பி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். முதல் பூசைக்குப் போய் நற்கருணை வாங்கிவிட்டுத்தான் முதல் பஸ் ஏறுவாளாம். கண்டக்டராக இருந்த முப்பது வருடமும் அப்படித்தானாம். இப்போது சிறுநீரகமும் கெட்டுவிட்டது. அதிகம் போனால் இரண்டு மூன்று மாதம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாதமோ சிறுநீரகமோ பிடுங்க முடியாததை நான் ஒரே காலையில் பிடுங்கிவிட்டேன். இவள் இப்படியே போய்ச் சேர்ந்தால் அதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். பயமாக இருக்கிறது. அவளை நினைத்தும் பயம், என்னை நினைத்தும் பயம்.

கொடுக்காத அப்பத்தைக் கோயிலுக்கே திருப்பிக் கொண்டுபோனேன். விலாசதாரர் பெற மறுத்துவிட்டார்.

அக்டோபர் 2, புதன்

பெட்டி இல்லாமல் போனேன். சோப்பு, இரண்டு துண்டு, பிளாஸ்க்கில் வெந்நீர்.

"என்ன, இன்னிக்கு அவரக் கூட்டிட்டு வரல?"

"நான் மட்டுந்தான் வந்தேன்."

"உனக்கு இந்த வேலையெல்லாம் தெரியுமா?"

தெரியாது. தம்பி சொல்லிக்கொடுத்தார். ஆளைப் படுக்கையிலேயே வைத்துப் படுக்கைவிரிப்பு மாற்றுவது என்ன லேசா? முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து நம் பக்கம் உருட்ட வேண்டும். அழுக்கு விரிப்பை முதுகுவரை சுருட்டி, அதை ஒட்டிப் புது விரிப்பைப் பாதி விரித்து, அந்த மேட்டைத் தாண்டி ஆளை மறுபக்கம் உருட்ட வேண்டும். நான் உருட்டிய உருட்டில் அவள் மூக்கு சுவரில் இடித்தது. "பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினாள்.

முதுகடியில் படுக்கைப்புண், உள்ளங்கை அகலம். துணியை எடுத்தபோது வந்த வாடையில் எனக்குக் குமட்டிவிட்டது. அன்றைக்குத் தரையில் மண்டியிட்டபோது ஒரு துளி அருவருப்பு வரவில்லையே, அந்த வீராங்கனை எங்கே போனாள்? கண்டக்டர் சுவரைப் பார்த்தபடியே சிரித்தாள். "நீயும் வாந்தி எடுத்துட்டீன்னா யாரு தொடைக்கிறது?"

அக்டோபர் 4, வெள்ளி

தம்பி ஒரு சாவி கொடுத்தார். திங்கள், புதன், வெள்ளி காலை எட்டு மணி. இன்று மூக்கு இடிக்கவில்லை. நகம் வெட்டினேன். நற்கருணை என்ற சொல்லையே எடுக்கவில்லை.

அக்டோபர் 9, புதன்

புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள். "உண்மையச் சொல்லு. நீ எனக்காக வர்றியா, என்னை மறுபடி நற்கருணை வரிசையில நிறுத்த வர்றியா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். பொய் சொல்லலாம் என்றால் அந்த வாய்க்கு முன்னால் வரவில்லை. "ரெண்டுக்குந்தான்" என்றேன்.

"எது அதிகம்?"

"இன்னிக்கு நெலமையில ரெண்டாவது."

"பரவாயில்ல. பொய் சொன்னா கதவச் சாத்தச் சொல்லியிருப்பேன்" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. படிகளில் இறங்கும்போது அழுகை வந்தது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்டோபர் 12, சனி

மானம் போயிற்று. எங்கள் கோயில் பத்திரிகை, பங்கு மடல், வந்திருக்கிறது. நாலாம் பக்கம், கட்டம் கட்டி: 'நற்கருணை பக்திக்கு ஒரு முன்மாதிரி.' கைக்குட்டை, டம்ளர், மூன்று மாடி, செடி வேர், எல்லாம் அப்படியே. தெருநாய்கூட இருக்கிறது, அதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும். என் போட்டோவும் உண்டு. மண்டியிட்ட அம்மையாரை எல்லோரும் பின்பற்றுவோமாக. நோயாளி? 'ஒரு நோயாளி.' அவ்வளவுதான். அடுத்த வாக்கியத்தில் அவள் இல்லவே இல்லை.

லேமினேஷனுக்குப் போன் செய்தேன். "மொத்தமும் அச்சாயிடுச்சே, இப்ப என்ன செய்ய முடியும்? அந்தப் பக்கத்த மட்டும் தனியா லேமினேட் பண்ணி நோட்டீஸ் போர்டுல போடறேன்" என்றார். பாராட்டு போதவில்லை என்று கோபித்துக்கொள்கிறேன் என நினைத்துவிட்டார் மனுஷர்.

அப்போதுதான் உறைத்தது. பங்கு மடல் எந்த அச்சகத்தில் அடிக்கிறார்கள்? தம்பியின் அச்சகத்தில். மெஷினில் நின்று ஐந்நூறு பிரதி அடித்து, அடுக்கி, கட்டுப் போட்டிருப்பார். ஐந்நூறு தடவை என் மூஞ்சி.

அக்டோபர் 13, ஞாயிறு

பூசை முடிவில் அறிவிப்பு வாசிப்பது இந்த மாதம் என் முறை. தொலைந்துபோன குடை, பாடற்குழுப் பயிற்சி நேரம் எல்லாம் வாசித்தேன். காகிதத்தில் அதற்கு மேல் இல்லை.

"கடைசியா ஒரு திருத்தம். பங்கு மடல் நாலாம் பக்கம். அதுல ஒரு வரி விட்டுப்போச்சு. அன்னிக்கு நான் தரையத் தொடச்சேன். அந்தம்மாவத் தொடைக்கல. வரேன்னு சொல்லிட்டுப் போய்க் காப்பி குடிச்சிட்டு வீட்டுல தூங்கிட்டேன். அவங்க மூணரை மணி நேரம் அந்தத் துணியோட கெடந்தாங்க. அவ்வளவுதான்."

மைக்கை அணைக்க மறந்து மூக்கை உறிஞ்சினேன், அதுவும் கோயில் முழுக்கக் கேட்டது. வெளியே ஒருவரும் கிட்ட வரவில்லை. பல் டாக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டார், மணியே அடிக்கவில்லை. லேமினேஷன் மட்டும் வந்து, "உங்க மனசு சரியாகுறவரைக்கும்" என்று பெட்டியைத் திருப்பிக் கேட்டார். கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரே அடுப்பைப் பற்ற வைத்தார்.

அக்டோபர் 16, புதன்

"மைக்குல சொன்னியாமே?" என்றாள்.

"ஆமா."

"சாமியார்ட்டயும் சொல்லிட்டியா?"

"ஆமா."

"ஐந்நூறு பேருக்குச் சொல்லிட்ட. எங்கிட்ட இன்னும் சொல்லல."

சொல்லவில்லையா? யோசித்துப் பார்த்தால், இல்லை. அவளிடம் நான் சொன்னது விதி. மண், டம்ளர், துகள். இத்தனை நாள் வந்து போகிறேன், அந்த ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து விழவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா. விட்டுட்டுப் போயிட்டேன். மன்னிச்சிருங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக 'ஆனால்' சேர்க்காமல் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அவள் இடது கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒன்பது மாதமாகப் படுத்துக் கிடக்கிறவள், என்ன பிடி!

"ம். தண்ணி ஆறுது பாரு. முதுகத் தேய்" என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்

கால் வீங்கிவிட்டது. பேச்சு குறைந்துவிட்டது. நான்தான் பேசுகிறேன். தபால் ஆபீஸ் கதையெல்லாம். தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினால், "அப்புறம்?" என்கிறாள்.

அக்டோபர் 25, வெள்ளி

கிளம்பும்போது சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஃபாதர வரச் சொல்லு. கொண்டுட்டு வரச் சொல்லு."

சரி என்றேன். கீழே இறங்கி வந்து, ஓடாத லிஃப்டின் கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலை ஏழு மணிக்குத் தம்பி போன் செய்தார். இரண்டு தடவை படுக்கையிலேயே போய்விட்டதாம், அவர் ஒருவரால் முடியவில்லை. பூசைக்குக் கட்டிய புடவையோடு அப்படியே ஓடினேன். ஒரு சுற்று கழுவி மாற்றி நிமிர்ந்தபோது ஒன்பதே முக்கால். பூசை போயே போய்விட்டது. பெரியவளான நாளிலிருந்து ஞாயிற்றுப் பூசையை நான் விட்டதில்லை. பிரசவத்துக்கு மட்டும் விலக்கு. தம்பி காப்பி போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் குடித்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்தாள். பார்வையிலேயே தெரிந்துவிட்டது, மூன்றாம் தடவை.

பாதி வேலையில் வாசல் மணி. சாமியார்; நெஞ்சில் பெட்டி. கதவை ஒரு சாண் திறந்தேன்.

"ஃபாதர், கொஞ்சம் வெளியவே நில்லுங்க. வேலை இன்னும் முடியல."

ஆண்டவரோடு சேர்த்து அவரை மாடிப்படியில் நிறுத்தினேன். ஐந்து நிமிடம் என்று சொன்னது இருபது நிமிடம் ஆயிற்று. அவர் வழியில் பேசக்கூடாதவர், பேசாமல் நின்றார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது கேட்டது. எனக்குப் பதற்றமே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். பவுடர் போட்டு, நைட்டி மாற்றி, தலையணையை ஏற்றி வைத்து, தலை வாரிவிட்டு அப்புறம்தான் உள்ளே கூப்பிட்டேன்.

முழு அப்பத்தை அவளால் விழுங்க முடியாது. சாமியார் ஓர் ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தார். நான் ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். தொண்டை ஏறி இறங்கும்வரை மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். இறங்கிவிட்டது.

மீதி அவர் விரலில் இருந்தது. கண்டக்டர் கண்ணாலேயே என்னைக் காட்டினாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "இவளுக்குக் குடுங்க. பூசைக்குப் போகல. என்னக் கழுவிட்டிருந்தா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ வேணாம் ஃபாதர், இப்பதான் காப்பி குடிச்சேன்!" நற்கருணைக்கு ஒரு மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது. அதை இந்தப் பங்கில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

"அந்த விதி நோயாளிக்குக் கெடையாதும்மா. நோயாளியப் பாத்துக்கறவங்களுக்கும் கெடையாது. திருச்சபைச் சட்டத்துலயே இருக்கு" என்றார் சாமியார்.

கை இன்னும் ஈரமாக இருந்தது. புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினேன். ஆமென் சொல்ல வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. கண்டக்டர் எனக்காகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இருக்கிறது. மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் நான் சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருக்கிறேன். நடுவில் இந்த ஒன்றை மட்டும் விட்டிருக்கிறேன். பல வருடமாகப் படிக்கிற பக்கம். அதில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.